நம்மை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது?

(கூட்டமைப்பின் செய்திமடலுக்குச் செய்தி எழுதித் தரும் உறுப்பினர்களுக்கான பயிற்சி நாளில், செய்திமடல் குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் பேசியது. பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் தருகிறோம்.)



காலையிலேயே பஸ் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சில பேர் ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசம் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு சின்னச் சண்டை. ஊருக்கு ஒரு உறுப்பினர் செய்தி எழுதி அனுப்பணும் என்று முடிவு எடுத்தோம். அதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்த உறுப்பினரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் தகராறு. ஒருத்தர் 'நிருபர்' என்றார். ஒருத்தர் 'செய்தியாளர்' என்றார். 'ரிப்போர்ட்டர்னு போட்டாத்தான் கெத்து' என்று ஒரு தங்கச்சி. கடைசியில் மூலையில் உட்கார்ந்திருந்த பெரியத்தா ஒருத்தர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, 'என்னத்தா பேரு, ஊருக்குள்ள நம்மளை வம்புக்காரின்னுதானே சொல்லப் போறாக' என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். தீர்மான நோட்டில் அந்த இடம் மட்டும் காலியாகவே இருக்கு. அதை நிரப்பத்தான் இன்றைக்கு என்னைப் பேசச் சொன்னார்கள்.

பேரில் என்ன இருக்கு என்று நினைக்காதீங்க. நம்ம குழுவில் 'அனிமேட்டர்' என்று ஒரு பேர் இருந்தது. அப்புறம் 'ஊக்குநர்' என்று தமிழில் போட்டார்கள். மகளிர் திட்டம் 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்து, 1997-98-க்குப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தபோது இந்தப் பேர்களும் கூடவே வந்தது. அதுவரை 'இன்னாரோட பொண்டாட்டி' என்று இருந்தவரை, பேங்க் வாசலில் 'ஊக்குநர் வாங்க' என்று கூப்பிட்டபோது நடையே மாறிப்போச்சு. உங்களில் பாதிப் பேர் அந்த நடையை நடந்தவர்கள்தான்.

சரி, 'நிருபர்' என்றால் என்ன? நிருபம் என்றால் கடிதம். வடமொழி வழியாக வந்த சொல். நம்மில் வேதாகமம் படிக்கிறவர்களுக்கு இது உடனே தெரியும். பவுல் ரோமருக்கு எழுதின நிருபம், கொரிந்தியருக்கு எழுதின நிருபம் என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும். அந்த நிருபம்தான் இது. வெளியூரில் இருந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதிச் செய்தி தெரிவித்தவர் நிருபர். ஆக நிருபர் என்றால் கடிதக்காரர். நாமும் பள்ளிக்கூட நோட்டில் தாள் கிழித்து எழுதித்தானே அனுப்புறோம், அந்தக் கணக்கில் நாம் அசல் நிருபர்கள்தான்.

'பத்திரிகை' என்ற சொல்லைப் பாருங்க. நம்ம ஊரில் பத்திரிகை வைக்க வந்திருக்காக என்றால் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்காக என்று அர்த்தம். பேப்பருக்கும் அதே பேர்தான். பத்திரம் என்றால் இலை. சிவன் கோயிலில் வில்வ பத்திரம் என்கிறோம் இல்லையா? இலையில் எழுதிய காலத்தில் இருந்து வந்த சொல், வீட்டுப் பத்திரம், அடமானப் பத்திரம் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். அந்தக் காலத்தில் பத்திரிகை ஆசிரியரைப் 'பத்திராதிபர்' என்று எழுதுவார்கள். அதிபர் என்றால் தலைவர். இப்போது அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. நல்லதுதான், அதிபர் என்றாலே எனக்கு ஆலை முதலாளி ஞாபகம் வரும்.

இன்னொன்று 'தந்தி'. 1942-ல் பக்கத்து மதுரையில்தான் ஆதித்தனார் தினத்தந்தியை ஆரம்பித்தார். பேரிலேயே வேகம். ஆனால் வீட்டில் தந்தி வந்துச்சு என்றால் பிரித்துப் பார்க்கும் முன்னாலேயே அழுகை ஆரம்பித்துவிடும். 2013 ஜூலையில் பி.எஸ்.என்.எல். தந்தியை நிறுத்தியே விட்டது. பேப்பரின் பேரில் மட்டும் தந்தி இருக்கு.

தந்திக்கு முந்தி? கேதம் சொல்ல ஆள் வரும். சாவுச் செய்தியை ஊர் ஊராக நடந்து போய்ச் சொல்லணும். வெயில், மழை, ராத்திரி என்று பார்க்க முடியாது. அதேபோல தண்டோரா. ஏலம், கண்மாய் மீன்பிடி, குடிதண்ணீர் வராது என்று எல்லாவற்றுக்கும் தமுக்கு அடித்துத் தெருத்தெருவாகச் சொல்லணும். யார் சொன்னார்கள்? எந்தத் தெருவில் இருந்து வந்தார்கள்? உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. செய்தி வீட்டுக்குள்ளே வந்தது, செய்தி கொண்டுவந்தவர் வாசலோடு நின்றார். இந்த நாட்டின் முதல் செய்தியாளர்களுக்கு ஒரு படி நெல்லும் ஒதுக்கமும்தான் கூலி. 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தைத் தடை செய்யச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியை அனுப்பிச் சொன்னால் போதாதா என்று கேட்டார். இவ்வளவு லேட்டாகவா என்று நான் அப்போது நினைத்தேன்.

இப்போது பெரியத்தா சொன்ன வம்புக்காரிக்கு வருவோம்.

காலையில் டீக்கடைக்குப் போய்ப் பாருங்க. பெஞ்சில் நாலு ஆம்பிளைகள். ஒருத்தர் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறார். மூணு பேர் கேட்டுக்கொண்டே அபிப்பிராயம் சொல்கிறார்கள். அதுக்குப் பேர் அரசியல். அதே நேரத்தில் குழாயடியில் நாலு பேர். ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா, எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தத் தெருச் சாக்கடை நிறைஞ்சு கிடக்கு, எந்தக் கடன்காரன் எந்த வாசலில் வந்து நின்றான் என்று பேசுகிறார்கள். அதுக்குப் பேர் வம்பு. புறணி. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுதான்: நடந்ததைச் சொல்வது, அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது. உண்மையைச் சொன்னால், டெங்கு எந்தத் தெருவில் ஆரம்பித்தது என்று சுகாதார ஆய்வாளருக்கு முன்னாடி குழாயடிக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. குழாயடியில் எல்லாமே செய்தி இல்லை. கோளும் உண்டு. புரளியும் உண்டு. அதை ஒத்துக்கொண்டால்தான் நாம் இந்த வேலைக்கு வர முடியும். ஏன் சொல்கிறேன் என்றால், நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டு, அவர் 'சொல்லு, நாலு பேருக்குப் புத்தி வரட்டும்' என்று சொன்ன பிறகுதான் இங்கே சொல்கிறேன். ஊர் பேரும் குழு பேரும் வேண்டாம்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேங்க் கடனுக்கு மூணு மாசத் தவணை பாஸ்புக்கில் ஏறவில்லை. உறுப்பினர்கள் மாசா மாசம் பணம் கொடுத்திருக்கிறார்கள், குழு நோட்டில் வரவு இருக்கு. பேங்கில் இல்லை. ஊக்குநர் அக்கா அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை, மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார். உறுப்பினர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். 'பணத்தைத் தூக்கிட்டா' என்று ஒருத்தர் அழுதார். நான் வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரியே எழுதினேன். தலைப்பு: 'குழுப் பணம் கையாடல் - உறுப்பினர்கள் அதிர்ச்சி.' பேர் போடவில்லை. ஊர் பேர் போட்டேன். அந்த ஊரில் இருப்பதே ரெண்டு குழு. பேர் போட்டதுக்குச் சமம்.

அச்சாகி வந்தது. பத்து நாளில் விஷயம் தெரிந்தது. அக்கா மூணு மாசமும் ஒழுங்காகப் பணம் கட்டியிருக்கிறார். கணக்கு எண்ணில் ஒரு எண் மாறி, பணம் வேறொரு குழுவின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கு. பணம் கட்டின சீட்டு மூணும் மஞ்சப்பைக்குள் மடித்து வைத்திருந்தார். ஒரு ரூபாய் குறையவில்லை.

அடுத்த இதழில் 'வருந்துகிறோம்' என்று கடைசிப் பக்கத்தில் நாலு வரி போட்டோம். கோலப்போட்டி முடிவுக்குக் கீழே. யார் படித்தார்கள்? அதற்குள் மகளின் மாமியார் வீட்டில் கேட்டுவிட்டார்கள், 'உங்க அம்மாவைப் பத்திப் பேப்பர்ல வந்துச்சாமே' என்று. பெத்து பதினஞ்சு நாள் ஆன பிள்ளை அது.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: 'பாஸ்புக்ல ஏறலைன்னு எழுதியிருந்தீன்னா அது நிசம். கையாடல்னு எழுதுனியே, அது நீயா போட்டது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?'

அந்த அக்கா எந்த இதழியல் வகுப்புக்கும் போனதில்லை. நான் ரெண்டு பயிற்சிக்குப் போய்ச் சர்ட்டிபிகேட் வாங்கினவள். 'ஏறவில்லை' என்பது செய்தி. 'கையாடல்' என்பது தீர்ப்பு. செய்தி சொல்லப் போனவள் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஊக்குநர் பொறுப்பை விட்டுவிட்டார். இப்போதும் குழுவில் இருக்கிறார், சேமிப்புக் கட்டுகிறார், ஆனால் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை.

செய்தி சொல்பவர் வேறு, கருத்துச் சொல்பவர் வேறு என்பதைத் தமிழ் நல்லாவே பிரித்து வைத்திருக்கு. நிருபர், செய்தியாளர் ஒரு பக்கம். விமர்சகர், நோக்கர் மறு பக்கம். கிரிக்கெட் மேட்சுக்கு நடப்பதை நடக்க நடக்கச் சொல்கிறவர் வர்ணனையாளர். டி.வி.யில் செய்தியைப் படிக்கிறவர் செய்தி வாசிப்பாளர்; அவர் போய்ப் பார்த்தவர் இல்லை, எழுதினதைப் படிக்கிறவர். அதிலும் பெருமை உண்டு. 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்ஸ்வாமி' என்று டெல்லியில் இருந்து ரேடியோவில் வரும் குரல் வயசானவர்களுக்கு மறக்காது. அந்தக் கனமான குரலைக் கேட்டு ஆம்பிளை என்று நினைத்தவர்களும் உண்டு. 2022-ல் அவர் காலமானபோது எங்க அம்மா சொந்தக்காரர் போனது மாதிரி வருத்தப்பட்டார்.

'விமர்சகர்' என்ற சொல்லுக்கு வந்த கதிதான் பாவம். விமர்சனம் என்றால் நல்லது கெட்டது இரண்டையும் ஆராய்ந்து சொல்வது. இப்போது 'என்னை விமர்சனம் பண்றான்' என்றால் திட்டுகிறான் என்று அர்த்தம் ஆகிவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் ஆறு பெட்டிக்குள் ஆறு பேர் கத்துகிறார்கள், கீழே 'அரசியல் விமர்சகர்' என்று போடுகிறார்கள். அதைப் பார்த்தால் அந்த அர்த்தம் ஏன் வந்தது என்று புரிகிறது.

நம்ம பக்கத்தையே மத்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்று ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் கசப்பான விஷயம். 1986 ஜூனில் 'இந்தியா டுடே' பத்திரிகை அட்டைப்படக் கட்டுரை ஒன்று போட்டது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலை நடப்பது பற்றி. அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் மதுரை மாவட்டம்தான். அந்தக் கட்டுரைக்குப் பிறகு வெளியூர், வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் எல்லாம் அந்த ஊருக்கு வந்தார்கள். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-ல் நம்ம தேனி உட்பட மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. நம்ம அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994-ல் 'கருத்தம்மா' படம் எடுத்தார்.

எழுதினது தப்பா? இல்லை. நடந்தது. யாராவது சொல்லித்தான் ஆகணும். நம்ம பாட்டிகளுக்குத் தெரியும், நம்ம அம்மாக்களுக்குத் தெரியும், யாரும் வெளியே சொல்லவில்லை. வெளியாள் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வெட்கம் நமக்கு இருக்கணும். ஆனால் அந்த எழுத்தோடு ஒரு பேரும் ஒட்டிக்கொண்டது. கல்லூரிக்கு வெளியூர் போன பிள்ளைகளிடம் 'ஓ, அந்த ஊரா?' என்று கேட்டார்கள். கள்ளிப்பால் என்ற சொல் மனசில் நின்றது. வரதட்சணைக்கு நிலத்தை விற்றவர்கள், பிள்ளையைக் காப்பாற்ற ராத்திரியோடு ராத்திரியாக அம்மா வீட்டுக்கு ஓடினவர்கள், புருஷனை எதிர்த்து அடி வாங்கினவர்கள், இவர்கள் யாரும் யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்தப் பெண்களே எழுதியிருந்தால் உண்மை குறைந்திருக்காது, கூடியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம், சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம்.

இன்னொன்று நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது. 2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு தகராறு. அணை 1895-ல் பென்னிகுக் கட்டினது, நம்ம பள்ளத்தாக்குக்கு சோறு போடுகிற அணை. அந்த மாசம் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் எல்லாம் ஜனம் ரோட்டில். குமுளி எல்லை அடைச்சாச்சு. 144 போட்டார்கள். ஏலத்தோட்டத்து வேலைக்கு மலை ஏறினவர்கள் எல்லாம் இறங்கி வந்தார்கள். அந்தப் பக்கம் 'அணை விரிசல் விட்டிருச்சு, இடுக்கியே போகப் போகுது' என்று பேச்சு. இந்தப் பக்கம் 'அங்கே நம்ம ஆளுகளை வெட்டுறாங்க' என்று பேச்சு. அடி விழுந்ததும் உண்டு, விழாததை விழுந்ததாகச் சொன்னதும் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை.

என் மதினி அப்போது ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி லயத்து மேல் கல் விழுந்திருக்கு. தோட்டத்துக்கார அம்மா, மலையாளத்து அம்மாதான், இவர்கள் பதினோரு பேரையும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டி, விடியும் முன்னால் தன் வீட்டு ஜீப்பிலேயே எல்லை வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். கீழே வந்ததும் மைக்கை நீட்டினார்கள். 'அடிச்சாங்களா?' என்று கேட்டார்கள். மதினி சொல்வார்: 'கல்லு விழுந்துச்சுன்னு சொன்னேன். அதைப் போட்டாக. யாரு காப்பாத்துனாகன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல, எனக்கு நடுக்கம்.'

ரெண்டு பேச்சும் உண்மை. ஒன்றுதான் வெளியே போச்சு. எல்லை திறந்த பிறகும் வேலைக்குப் போகப் பயந்து எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று உங்களுக்குத் தெரியும். குழுச் சேமிப்பு அந்த ரெண்டு மாசம் பாதிகூட வரவில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது அதே மதினி மலையில் அதே தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தார்.

மலை வேலைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள், மலையாளத்தில் செய்திக்கு 'வார்த்த' என்றுதான் பேர். நமக்கு வார்த்தை என்றால் சொல். அவர்களுக்குச் செய்தி. அக்கா என்னிடம் 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல' என்று சொன்னாரே, அதை மலையாளத்துக் காதோடு கேட்டால் இன்னும் சுருக்கென்று இருக்கு. தெலுங்கில் நிருபரை விலேகரி என்பார்கள். கன்னடத்தில் வரதிகாரர். நம்ம கம்பத்தில் கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசுகிறவர்கள் இருப்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

இலங்கையில் 'ஊடகவியலாளர்' என்கிறார்கள். இப்போது நம்ம பக்கமும் அந்தச் சொல் வந்துவிட்டது. டி.வி., ரேடியோ, பேப்பர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல் என்பதால் வசதி. அங்கே அந்தச் சொல்லுக்கு விலை அதிகம். யாழ்ப்பாணத்தில் இருந்து பி.பி.சி.க்குச் செய்தி கொடுத்துக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜனை 2000 அக்டோபரில் அவர் வீட்டிலேயே கொன்றார்கள். அவர் செய்தி எழுதிக்கொண்டிருந்த நேரம் அது.

நம்மை மாதிரி பெண்கள் இதைச் செய்ய முடியுமா என்று சில பேர் முகத்தில் தெரியுது. உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் மாவட்டத்தில் 2002-ல் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' என்று ஒரு பேப்பர் ஆரம்பித்தார்கள். பட்டணத்து இந்தியில் எழுதவில்லை, வீட்டில் பேசும் புந்தேலி மொழியில் எழுதினார்கள். எழுதினவர்களில் தலித் பெண்கள் அதிகம். ஊர்க் கிணறு, ரோடு, கல்குவாரி, போலீஸ் ஸ்டேஷனில் வாங்காத புகார், இதுதான் செய்தி. 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. பிறகு செல்போனில் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். அவர்களைப் பற்றி எடுத்த படம் 2022-ல் ஆஸ்கார் போட்டி வரை போனது. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படம் நல்லா இருக்கு, ஆனால் எங்கள் கதையில் ஒரு பகுதியைத்தான் காட்டுது, முழுசு இல்லை என்று அறிக்கை விட்டார்கள். ஆஸ்கார் வாசலில் நின்றுகொண்டு! எனக்கு அந்தப் பரிசைவிட இதுதான் பெருசு.

தெலங்கானாவில், அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில், மச்னூர் கிராமத்தில் 2008 அக்டோபரில் 'சங்கம் ரேடியோ' ஆரம்பித்தது. சங்கம் என்றால் நம்ம குழு மாதிரியே பெண்கள் சங்கம்தான். நரசம்மா என்று ஒரே பேரில் ரெண்டு தலித் பெண்கள் நிலையத்தை நடத்தினார்கள். விதை, மழை, கூலி, பாட்டு என்று அவர்கள் மொழியில் அவர்களே பேசினார்கள்.

எழுதத் தெரியாதே என்கிறவர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். வை.மு. கோதைநாயகி. சின்ன வயசிலேயே கல்யாணம் ஆனவர், பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி ஆரம்பித்தவர்தான் 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நீண்ட காலம் நடத்தினார். ஆகவே உங்கள் ஊரில் விஷயம் தெரிந்த பெரியத்தா சொல்லட்டும், பத்தாவது படிக்கிற பேத்தி எழுதட்டும். ரெண்டு பேர் பேரையும் போடுவோம்.

காசு பற்றியும் சொல்லிவிடணும். தாலுகாவில் இருந்து செய்தி அனுப்புகிற பகுதிநேர நிருபரை இங்கிலீஷில் 'ஸ்டிரிங்கர்' என்பார்கள். அச்சான செய்தி எவ்வளவு நீளம் என்று நூல் வைத்து அளந்து காசு கொடுத்ததால் வந்த பேர் என்று ஒரு கதை. நிஜமோ கட்டுக்கதையோ, கேட்டதும் எனக்குப் பூக்கார அக்கா முழம் போடுவதுதான் ஞாபகம் வந்தது. 1955-ல் பத்திரிகையாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதில் ஆசிரியர், துணை ஆசிரியர், நிருபர், கார்ட்டூன் போடுகிறவர், மெய்ப்புத் திருத்துகிறவர் வரை பட்டியல் இருந்தது. ஆனால் அதுவே பிரதான தொழிலாக இருக்கணும் என்றும் இருந்தது. காலையில் திராட்சைத் தோட்டத்து வேலை, மத்தியானம் செய்தி என்று இருக்கிறவர்கள் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்கள். நம்ம செய்திமடலில் முழம் போட்டுக் காசு கொடுக்க வழியில்லை. பஸ் செலவும் செல்போன் ரீசார்ஜும் கூட்டமைப்பு தரும், அது தீர்மானத்தில் இருக்கு. கேட்டு வாங்குங்க, கூச்சப்படாதீங்க.

இனி பேருக்கு வருகிறேன். தமிழில் 'ஆளர்' என்று முடிகிற சொல்லில் ஆண் பெண் கிடையாது. செய்தியாளர் என்றால் நீங்களும்தான், அவரும்தான். பேப்பரில் 'பெண் செய்தியாளர்' என்று போடுகிறார்கள், 'ஆண் செய்தியாளர்' என்று போட்டு நான் பார்த்ததில்லை. நமக்கு அந்த முன்னொட்டு வேண்டாம். நிருபர் நல்ல சொல்தான், ஆனால் ஊரில் 'நான் நிருபர்' என்று சொன்னால் அதிகாரி பயப்படுகிறார், நாலு பேர் அதை வைத்து மிரட்டிப் பணம் பறித்த கதையும் எல்லாருக்கும் தெரியும். அதனால் என் ஓட்டு 'ஊர்ச் செய்தியாளர்' என்பதற்கு. வேறு பேர் யாருக்காவது தோன்றினால் தாளில் எழுதி அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்க. சாயங்காலம் எண்ணுவோம்.

எந்தப் பேர் வந்தாலும் இந்த மாசத்தில் இருந்து ஒரு வழக்கம். ஒருத்தரைப் பற்றி எழுதினால், அவரிடம் கேட்டீர்களா, என்ன சொன்னார், எந்தத் தேதி என்று தாளின் ஓரத்தில் எழுதணும். கேட்கப் போய் ஆள் இல்லை என்றால் அதையும் எழுதணும். ஓரம் காலியாக இருக்கிற தாள் அச்சுக்குப் போகாது. தப்பாகப் போட்டுவிட்டால் திருத்தம் முதல் பக்கத்தில், செய்தி வந்த அதே அளவு எழுத்தில் வரும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எழுதி அனுப்பாதீங்க, யார் பார்த்தார், எங்கே பார்த்தார் என்று கேட்டு அனுப்புங்க. 'கையாடல்', 'ஓடிப்போனாள்', 'ஏமாத்திட்டாள்' இந்த மாதிரிச் சொல் வந்தால் நான் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன், கோபப்படக் கூடாது. என் தாளில் வந்தால் நீங்கள் வட்டம் போடுங்க.

அந்த அக்காவைப் போன வாரம் பார்த்தேன். பேரனுக்குப் பள்ளியில் சேர்க்கை வாங்கின சந்தோஷத்தில் இருந்தார். 'எங்க ஊருக்கு யாரு எழுதப் போறா?' என்று கேட்டார். இன்னும் யாரும் இல்லை அக்கா என்றேன். 'யோசிச்சுச் சொல்றேன்' என்றார். அதனால் அந்த ஊர்ப் பேருக்கு நேராக இப்போதைக்கு எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

டீ வந்துவிட்டது. தாள்களை இருபதாம் தேதிக்குள் அனுப்பிவிடுங்க.